கேட்டதும் கேட்க வேண்டியதும்: குவார்ட்டெட் பற்றி வாசகர் கேள்விகள்

சென்ற இதழில் ஆஸ்திரிய இசையமைப்பாளர் ஷூபர்ட்டின் 'மரணமும் கன்னியும்' குவார்ட்டெட்டை, அதாவது நான்கு தந்திக் கருவிகளுக்கு எழுதிய இசையைப் பற்றி அரைப் பக்கம் எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களே இந்த மாதம் முழுப் பகுதியையும் எடுத்துக்கொண்டன. மற்ற கேள்விகளை அடுத்த இதழில் பார்க்கலாம். பெயர் வேண்டாம் என்று சிலர் கேட்டிருப்பதால் எல்லோருக்கும் ஊர் மட்டும் போட்டிருக்கிறேன்.

திருச்சி வாசகர்: ஸ்ட்ரிங் குவார்ட்டெட் என்று ஒன்று இருப்பதே உங்கள் கட்டுரையைப் படித்துத்தான் தெரியும். கேட்க ஆசையாக இருக்கிறது. தேடினால் நூற்றுக்கணக்கில் வந்து விழுகிறது. எனக்கு ஒன்றே ஒன்று சொல்லுங்கள், போதும்.

ஒன்றே ஒன்று என்றால் போரோடினின் இரண்டாவது குவார்ட்டெட். டி மேஜர் என்ற சுர வரிசையில் 1881-இல் எழுதியது. அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும்.

கருவிகளை முதலில் சொல்லிவிடுகிறேன். இரண்டு வயலின், வயலினைவிடக் கொஞ்சம் பெரிதாகவும் குரல் கனத்தும் இருக்கும் ஒரு வயோலா, முழங்கால்களுக்கு நடுவே நிறுத்தி வாசிக்கும் ஒரு செல்லோ. ஆக நான்கு பேர். கையசைத்து நடத்த யாரும் கிடையாது. ஒருவர் மூச்சு இழுப்பதைப் பார்த்து இன்னொருவர் தொடங்க வேண்டும்.

போரோடின் தொழிலால் வேதியியல் பேராசிரியர். பீட்டர்ஸ்பர்க்கில் மருத்துவ மாணவர்களுக்குப் பாடம் நடத்தி, ஆய்வுக்கூடத்தில் நேரம் போக மீந்த பொழுதில் இசை எழுதியவர். செல்லோ வாசிப்பார். இந்தக் குவார்ட்டெட்டை மனைவி எக்கதரீனாவுக்குக் காணிக்கையாக்கினார். தொடங்கும்போது பாட்டை எடுப்பது செல்லோ, அதை வாங்கிப் பதில் சொல்வது முதல் வயலின், இதற்கு மேல் விளக்கம் வேண்டுமா என்ன. மூன்றாவது பகுதிக்கு 'நாக்டர்ன்' என்று பெயர், இரவுப் பாட்டு. அங்கே செல்லோ தன் வழக்கமான கீழ்க்குரலை விட்டுவிட்டு மேலே ஏறிப் பாடும், கனத்த குரல் உள்ள ஒருவர் தூங்குகிற குழந்தை எழுந்துவிடக் கூடாதே என்று மேல்ஸ்தாயியில் மெதுவாகப் பாடுவது போல. பிறகு அதே பாட்டு வயலினுக்குப் போகும். அதற்கும் பிறகு ஒருவர் தொடங்கியதை இன்னொருவர் சற்றுத் தள்ளித் தொடங்க, ஒரே பாட்டு தன்மேல் தானே படிந்து வரும். அந்த இடத்துக்காகவே இதை முதலில் சொல்கிறேன்.

ரெக்கார்டிங்: போரோடின் பெயரையே வைத்துக்கொண்ட மாஸ்கோ குழு 1962-இல் டெக்கா கம்பெனிக்கு வாசித்தது. ஒரு வாரம் தினமும் ஒரு தடவை கேளுங்கள். எட்டாம் நாள் வேறு ஏதாவது ஒரு குழுவின் வாசிப்பைப் போடுங்கள், எதுவாக இருந்தாலும் சரி. "இங்கே இவர்கள் அவசரப்படுகிறார்களே" என்றோ "இந்த செல்லோ இன்னும் இழைகிறதே" என்றோ உங்களுக்கே தோன்றும். அப்படித் தோன்றிய பிறகு எனக்கு இன்னொரு கடிதம் எழுதுங்கள், அப்போது இரண்டாவதைச் சொல்கிறேன்.

தஞ்சாவூர் வாசகர்: நாற்பது வருடமாகக் கர்நாடக சங்கீதம் கேட்கிறவன். நீங்கள் சொன்னதற்காக ஷூபர்ட்டைப் போட்டுக் கேட்டேன். சாகித்யம் இல்லை, கமகம் இல்லை. வயலின் நம்முடையதுதான், ஆனால் சுரம் எல்லாம் கட்டை மாதிரி நேராக நிற்கிறது. எதைப் பிடித்துக்கொண்டு கேட்பது?

ஐயா, உங்கள் கடிதம்தான் என்னை அதிக நேரம் யோசிக்க வைத்தது.

நமக்கு ஒரு சுரம் என்பது ஒரு இடம். அதற்குள் போய் வர வழி உண்டு, தோடியின் காந்தாரத்துக்குள் ஒரு வீடே இருக்கிறது. அவர்களுக்கு ஒரு சுரம் ஒரு ஆள் மாதிரி. அந்த ஆள் தனியாக நிற்கும்போது ஒன்றுமில்லை, பக்கத்தில் யார் நிற்கிறார் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. நீங்கள் ஒரு சுரத்துக்குள்ளே தேடுகிற அசைவை நான்கு சுரங்களுக்கு நடுவே தேடிப் பாருங்கள். முதல் வயலின் ஒரே சுரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கும், கீழே செல்லோ ஒரு படி இறங்கும், மேலே இருப்பது மாறாமலே அதன் நிறம் மாறிவிடும். மத்தியானம் மேகம் கடந்தால் முற்றத்துத் தரை நிறம் மாறுமே, அந்த மாதிரி. தரை அசையவே இல்லை.

அதனால் மேலே இருக்கும் வயலினைக் கேட்காதீர்கள் என்று சொல்வேன், முதல் சில நாட்களுக்கு மட்டும். செல்லோவைப் பிடித்துக்கொள்ளுங்கள். நமக்குத் தம்புரா சுருதி அசையாமல் இருந்து பழக்கம், இங்கே அடியே நகரும். அது எங்கே நகர்கிறது என்று கவனித்தால் மற்றதெல்லாம் தானாகப் புரியத் தொடங்கும்.

சாகித்யம் இல்லை என்கிறீர்கள், 'மரணமும் கன்னியும்' இரண்டாம் பகுதிக்கு ஒரு விதத்தில் அது உண்டு. ஷூபர்ட் 1817-இல் இதே பெயரில் ஒரு பாட்டு எழுதினார், கவிதை மத்தியாஸ் கிளாடியுஸ் என்பவருடையது. மரணம் வந்து நிற்கிறது, போய்விடு, என்னைத் தொடாதே என்று கன்னி கெஞ்சுகிறாள். நான் தண்டிக்க வரவில்லை, உன் நண்பன், என் கைகளில் நிம்மதியாகத் தூங்கு என்று மரணம் சொல்கிறது. ஏழு வருடம் கழித்து, 1824-இல், அந்தப் பாட்டின் பியானோ முன்னிசையையும் மரணம் பாடும் மெட்டையும் எடுத்து இந்தப் பகுதிக்குக் கருவாக வைத்தார். அதன்மேல் ஐந்து முறை வேறு வேறு விதமாக வளர்க்கிறார். நிரவலைக் கேட்டுப் பழகிய உங்கள் காதுக்கு இது சிரமமே இல்லை, அடிப்படை அப்படியே இருக்க மேலே அலங்காரம் மாறுகிறது. இரண்டாவது வளர்ப்பில் மெட்டு செல்லோவுக்குப் போகும், அந்த இடத்தில் சற்றுக் கூர்ந்து கேளுங்கள். மூன்றாவது குதிரைக் குளம்படி போல் விழும். நான்காவதில் மைனர் என்ற இருண்ட சுர வரிசை போய் மேஜர் என்ற வெளிச்சமான வரிசை வந்து, சன்னலைத் திறந்துவிட்ட மாதிரி இருக்கும். ஐந்தாவது ஏறி, உடைந்து, அடங்கும்.

அந்த வருடம் மார்ச் மாதக் கடைசியில் ஷூபர்ட் ஒரு நண்பருக்கு எழுதிய கடிதத்தில், உலகத்திலேயே துயரமான ஆள் நான்தான் என்கிற அளவுக்கு மனம் நொந்து எழுதுகிறார். உடம்பு இனித் தேறாது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. வயது 27. இறந்தது 31-இல். இந்தக் குவார்ட்டெட் அச்சானது அவர் இறந்த பிறகு, 1831-இல்.

கோயம்புத்தூர் வாசகி: 'மரணமும் கன்னியும்' எந்தக் குழு வாசித்ததை வாங்கலாம்? கட்டுரையில் அதைச் சொல்லாமல் விட்டுவிட்டீர்கள்.

சொல்லாமல் விட்டது என் தவறுதான். விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் எதைக் கேட்டு ஒப்பிடுவது என்று பார்ப்போம். இந்தப் படைப்பின் முதல் அரை நிமிடம் போதும். நான்கு பேரும் சேர்ந்து அடிக்கிறார்கள்: ஒரு நீண்ட சுரம், உடனே மூன்று குட்டிச் சுரங்கள், மறுபடி ஒரு அடி. தாம், தகிட தாம். கதவைக் கையால் அல்ல, தோளால் இடிக்கிற மாதிரி. அப்புறம் ஒரு மௌனம். மௌனத்துக்குப் பிறகு அதே 'தகிட' மிக மெல்லிய குரலில் வரும். இங்கே நான் கவனிப்பது மூன்று விஷயம். இடிக்கும்போது சத்தம் கரடுமுரடாக இருக்கிறதா, மெருகாக இருக்கிறதா. மௌனத்தை முழுதாக விடுகிறார்களா. மெல்லிய இடத்தில் வெறும் சத்தம் குறைகிறதா, இல்லை பயம் வருகிறதா.

பிறகு இரண்டாம் பகுதியின் வேகம். ஷூபர்ட் எழுதி வைத்த குறிப்பு 'அந்தாந்தே கொன் மோட்டோ', நடை வேகம், அதுவும் கொஞ்சம் நகர்ந்து. பலர் இதைச் சவ ஊர்வலம் மாதிரி இழுத்துவிடுகிறார்கள். அழகாகத்தான் இருக்கும், ஆனால் பாட்டில் மரணம் அழவில்லையே, ஆறுதல்தானே சொல்கிறது. நகர்ந்து போகிற வாசிப்புதான் எனக்குப் பிடிக்கும்.

டாகாச் குவார்ட்டெட் ஹைபீரியன் கம்பெனிக்கு வாசித்து 2006-இல் வந்த தட்டை முதலில் வாங்குங்கள். புடாபெஸ்டில் 1975-இல் தொடங்கி, பிறகு அமெரிக்காவில் கொலராடோவுக்குக் குடிபோன குழு. நான்கு குரலும் தனித்தனியாகக் கேட்கும், நடுவில் இருக்கும் இரண்டாம் வயலினும் வயோலாவும் என்ன செய்கிறார்கள் என்பது தெளிவாக விழும். அடிக்கும் இடத்தில் அடிக்கிறார்கள், எங்கும் கத்தவில்லை. அதே தட்டில் ஷூபர்ட்டின் ஏ மைனர் குவார்ட்டெட்டும் இருக்கிறது, அதுவும் 1824-இல் எழுதியதுதான், இதைவிட அமைதியானது, சில நாட்களில் எனக்கு இதைவிடப் பிடித்தது.

பாவெல் ஹாஸ் குவார்ட்டெட் பிராக் நகரத்துக் குழு, சுப்ராஃபோன் கம்பெனியில் 2013-இல் வந்தது. நெருப்பு. கடைசிப் பகுதியில் ஓட ஓட வேகம் கூடி, முடிவில் இன்னும் வேகமாக ஓடச் சொல்லி ஷூபர்ட் எழுதியிருக்கிறார், அந்த இடத்தில் இவர்களை யாரும் பிடிக்க முடியாது. கூடவே இரண்டு செல்லோ வைத்து ஷூபர்ட் கடைசி வருடத்தில் எழுதிய சி மேஜர் குவின்டெட்டும், அதாவது ஐந்து பேர் வாசிப்பதும், சேர்ந்து வருகிறது. அதற்காக மட்டுமே வாங்கலாம்.

குவார்ட்டெட்டோ இத்தாலியானோ பிலிப்ஸ் கம்பெனிக்கு வாசித்தது வேறு உலகம். ஆரம்ப வருடங்களில் தாள் இல்லாமல் மனப்பாடமாக வாசித்துப் பழகியவர்கள், நான்கு கருவியும் ஒரே மரத்தில் செய்தது போல ஒலிக்கும். நிதானம் அதிகம். மழை நாளில் கேட்க இதைத்தான் எடுப்பேன். ஆல்பன் பெர்க் குவார்ட்டெட் எண்பதுகளில் இஎம்ஐக்கு வாசித்ததைப் பலர் உச்சியில் வைப்பார்கள். மெருகும் கூர்மையும் மறுக்க முடியாதவை, ஆனால் எனக்கு அந்த மெருகு கொஞ்சம் வெளிச்சம் கூடிப்போன அறை மாதிரி.

உலோகத்துக்குப் பதில் விலங்குக் குடலில் முறுக்கிய தந்தி கட்டி, அதிர்வை மிகக் குறைத்து வாசிக்கும் கியாரஸ்கூரோ குவார்ட்டெட்டின் பிஐஎஸ் தட்டும் உண்டு. அதை மூன்றாவதாகவோ நான்காவதாகவோ கேளுங்கள். முதலில் கேட்டால் ஏன் இப்படி மெலிந்து ஒலிக்கிறது என்று தோன்றும், மற்றதைக் கேட்டுவிட்டு வந்தால் ஷூபர்ட் காலத்து வீட்டுக் கூடத்தில் இப்படித்தான் கேட்டிருக்குமோ என்று தோன்றும்.

இன்னொன்று. தட்டின் பின்னட்டையில் முதல் பகுதியின் நேரத்தைப் பாருங்கள். பதினொன்று, பன்னிரண்டு நிமிடம் என்றிருந்தால், மீண்டும் வாசிக்கச் சொல்லி ஷூபர்ட் குறியிட்ட முதல் பாதியை ஒரே தடவை வாசித்து மேலே போய்விட்டார்கள் என்று அர்த்தம். பதினைந்து, பதினாறு என்றால் திரும்ப வாசித்திருக்கிறார்கள். எனக்குத் திரும்ப வேண்டும். அந்த இடி இரண்டாம் தடவை வரும்போது நமக்கு அது வரப்போவது தெரியும், தெரிந்தும் வருகிறது என்பதில்தான் அதன் கனம்.

சென்னை வாசகர்: பழைய ரெக்கார்டிங்குகளை எல்லோரும் தூக்கி வைத்துப் பேசுகிறார்கள். எனக்குக் கேட்டது வறுக்கிற சத்தம்தான். இது ரசனையா, பழமை மோகமா?

வறுக்கிற சத்தம் இருக்கத்தான் இருக்கிறது, அதை இல்லை என்று சொல்லமாட்டேன். முதல் பத்து நிமிடம் அது மட்டும்தான் கேட்கும். அதற்குப் பிறகு காது அதை ஒதுக்கிவிடும், ஃபேன் சத்தத்தில் தூங்கிப் பழகியவர்கள் நாம். பத்து நிமிடம் கொடுக்காமல் அணைத்துவிடாதீர்கள்.

எதற்காகக் கேட்க வேண்டும் என்றால், புஷ் குவார்ட்டெட்டுக்காக. அடால்ஃப் புஷ் ஜெர்மானியர், யூதர் அல்ல. 1933-இல் நாஜிகள் யூதர்களை நடத்திய விதத்தைக் கண்டு, இனி ஜெர்மனியில் வாசிப்பதில்லை என்று கச்சேரிகளை ரத்து செய்துவிட்டுச் சுவிட்சர்லாந்திலேயே இருந்துவிட்டவர். அவர் குழு 'மரணமும் கன்னியும்' பதிவு செய்தது 1936-இல். நிமிடத்துக்கு 78 சுற்று சுழலும் அந்தக் காலத்துத் தட்டில் ஒரு பக்கத்துக்கு நாலரை நிமிடம்தான் கொள்ளும். நாலரை நிமிடம் வாசித்து நிறுத்தி, மறுபடி அதே சூட்டில் தொடங்க வேண்டும், தப்பு வந்தால் வெட்டி ஒட்ட முடியாது, பக்கம் முழுவதையும் திரும்ப வாசிக்க வேண்டும். அந்த நிலைமையில் அவர்கள் வாசித்திருக்கிற இரண்டாம் பகுதியை நான் எத்தனையோ தடவை கேட்டுவிட்டேன், அதன் கடைசி ஒரு நிமிடத்தில் இன்னமும் எழுந்து விளக்கை அணைக்கத் தோன்றும்.

கர்நாடக இசை கேட்கிறவர்களுக்கு இதில் இன்னொரு வசதி. அந்தத் தலைமுறை ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு விரலை இழுத்துக்கொண்டே போகும், கிட்டத்தட்ட நம் ஜாரு. பிற்காலத்தில் இது பழைய பாணி என்று பெரும்பாலும் கைவிடப்பட்டது. தஞ்சாவூர் ஐயா, கட்டை மாதிரி நிற்கிறது என்றீர்களே, உங்களுக்குப் புஷ்தான்.

வாங்கும்போது ஒரு எச்சரிக்கை. பழைய தட்டிலிருந்து மாற்றும்போது சத்தத்தை ஒரேயடியாகத் துடைத்துவிட்டால் வயலினின் மேல்குரலும் சேர்ந்து போய்விடும், போர்வைக்குள்ளிருந்து வாசிப்பது போல ஆகிவிடும். என் கையில் அப்படி ஒன்று இருக்கிறது, மலிவு என்று வாங்கியது. கொஞ்சம் இரைச்சலோடு இருப்பதே நல்ல மாற்று.

மதுரை வாசகர்: ஷூபர்ட்டின் நோய், சாவு என்று கதை சொல்லித்தான் இசையை ரசிக்க வைக்க வேண்டுமா? கதை தெரியாமல் நல்ல இசை நிற்காதா?

நிற்கும். ஷூபர்ட்டின் நோய் பற்றி ஒன்றும் தெரியாமல் கேட்டாலும் அந்த இடி இடிதான். உங்களோடு பாதிக்கு மேல் ஒத்துப்போகிறேன், இசையமைப்பாளரின் வாழ்க்கையைச் சுரத்துக்குச் சுரம் பொருத்திப் பார்ப்பது சலிப்பான வேலை.

ஆனால் ஒரு குவார்ட்டெட்டில் கதையை எழுதியவரே உள்ளே வைத்திருக்கிறார். செக் இசையமைப்பாளர் ஸ்மெட்டனாவின் முதல் குவார்ட்டெட், 1876, 'என் வாழ்க்கையிலிருந்து' என்று அவரே பெயர் வைத்தது. 1874-இல் அவருக்குக் காது முற்றிலும் போய்விட்டது. கடைசிப் பகுதி நாட்டு நடனம், கொண்டாட்டம், நான்கு பேரும் குதித்துக்கொண்டு போகிறார்கள். திடீரென்று நின்றுவிடும். ஒரு மௌனம். கீழே மூன்று கருவியும் நடுங்க, முதல் வயலின் எங்கோ உச்சியில் 'ஈ' (E) என்ற ஒரே ஒரு சுரத்தை ஊசி மாதிரி நீட்டிப் பிடிக்கும். காது போகப்போகிற காலத்தில் அவர் தலைக்குள் கேட்ட ஒலி அது. நண்பருக்கு எழுதிய கடிதத்தில் அவரே விளக்கியிருக்கிறார். அதற்குப் பிறகு முதல் பகுதியிலிருந்து பழைய மெட்டுகள் துண்டு துண்டாக வந்து போய், சத்தமில்லாமல் முடிந்துவிடும்.

இதைக் கதை தெரியாமல் கேட்டால் அந்த ஊசிச் சுரம் ஏதோ விசித்திரமாகப் படும். தெரிந்து கேட்டால் உட்கார முடியாது. இரண்டு விதமாகவும் கேட்டுப் பார்த்துவிட்டு எழுதுங்கள். பாவெல் ஹாஸ் குழு 2015-இல் வெளியிட்டது இருக்கிறது. பழையது வேண்டுமென்றால் ஸ்மெட்டனா பெயரிலேயே இருந்த செக் குழு, அவர்களும் மனப்பாடமாக வாசித்தவர்கள்.

சேலம் வாசகி: மெண்டல்சன் இனிமையாக எழுதுவார், ஆழம் இல்லை என்று படித்தேன். குவார்ட்டெட்டிலும் அப்படித்தானா?

படித்ததை மறந்துவிட்டு அவருடைய ஓபஸ் 80-ஐப் போடுங்கள் (ஓபஸ் என்பது படைப்புக்குக் கொடுக்கும் வரிசை எண்). எஃப் மைனர். 1847 மே மாதம் அவருடைய அக்கா ஃபானி திடீரென்று இறந்துபோனார். செய்தி கேட்டு மெண்டல்சன் சரிந்து விழுந்தார். அந்தக் கோடையில் சுவிட்சர்லாந்தில் இருந்துகொண்டு இதை எழுதினார். நவம்பரில் அவரும் போய்விட்டார், வயது 38. இதில் இனிமை என்று எதையும் தேட முடியாது. தொடக்கத்திலிருந்து நடுங்குகிறது, கோபப்படுகிறது. மூன்றாம் பகுதியில் மட்டும் கொஞ்சம் உட்கார்ந்து பேசுகிறது.

எபேன் குவார்ட்டெட் 2013-இல் கொண்டுவந்த தட்டில் இதோடு சேர்த்து ஃபானியே 1834-இல் எழுதிய ஈ ஃபிளாட் குவார்ட்டெட்டும் இருக்கிறது. தம்பி அதன் அமைப்பில் கட்டுக்கோப்பு போதாது என்று குறை சொல்லிக் கடிதம் எழுதினார். அக்கா அதற்குப் பிறகு குவார்ட்டெட்டே எழுதவில்லை. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்கும்போது எனக்குத் தம்பிமேல் வருத்தம்தான் வருகிறது, ஃபானியின் மூன்றாம் பகுதி, அந்த ரொமான்ஸா, அவ்வளவு நல்ல இசை.

புதுச்சேரி வாசகர்: பிராம்ஸ் குவார்ட்டெட் மூன்றையும் முயன்றுவிட்டேன். உள்ளே போக முடியவில்லை.

கடைசியாக எழுதிய ஓபஸ் 67-ஐ மட்டும் வைத்துக்கொண்டு மற்ற இரண்டையும் ஒரு வருடம் ஒதுக்குங்கள். முதல் இரண்டை வெளியிடுமுன் இருபது குவார்ட்டெட்டையாவது எழுதிக் கிழித்துப் போட்டதாக அவரே சொன்னவர், அந்த இறுக்கம் அவற்றில் தெரியும். 67 வேட்டைக் கொம்பு மாதிரி உற்சாகமாகத் தொடங்கும், மூன்றாம் பகுதியில் மற்ற மூவரும் சத்தத்தை அடக்கும் மியூட்டைக் கருவியில் மாட்டி வாசிக்க வயோலா மட்டும் திறந்த குரலில் பாடும். அங்கிருந்து உள்ளே போய்விடலாம்.

பெங்களூர் வாசகர்: சிடி பிளேயர் இல்லை. போனில்தான் கேட்கிறேன். நல்ல ஸ்பீக்கர் இல்லாமல் இதெல்லாம் வீணா?

வீணே இல்லை. நாலே கருவி, பெரிய ஆர்க்கெஸ்ட்ராவுக்கு வேண்டிய அளவுக்கு ஸ்பீக்கர் வேண்டாம், சுமாரான ஹெட்ஃபோனே போதும். இடப்பக்கம் பெரும்பாலும் முதல் வயலின் இருக்கும், வலப்பக்கம் செல்லோவோ வயோலாவோ. யார் எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்று கண்ணை மூடிக் கண்டுபிடிப்பதே நல்ல பயிற்சி.

போனில் தொல்லை வேறு இடத்தில். ஷஃபிலை முதலில் அணையுங்கள், நான்கு பகுதியும் வரிசையாகப் போக வேண்டும். "நிம்மதியான கிளாசிக்கல்" வகைத் தொகுப்புகளில் போரோடினின் நாக்டர்னையும் சைக்கோவ்ஸ்கியின் முதல் குவார்ட்டெட்டில் வரும் 'அந்தாந்தே கந்தாபிலே'யையும் தனியே பிய்த்து வைத்திருப்பார்கள், அதுவும் பல சமயம் பெரிய ஆர்க்கெஸ்ட்ரா வாசிப்பதாக இருக்கும். சைக்கோவ்ஸ்கியின் அந்தப் பகுதியை மாஸ்கோவில் குவார்ட்டெட்டாகக் கேட்டுத்தான் டால்ஸ்டாய் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து அழுதார். நாலு பேர் வாசிப்பதையே தேடுங்கள்.

தேடும்போது வரிசை எண்ணை நம்பாதீர்கள். செக் இசையமைப்பாளர் த்வோர்ஷாக்கின் 'அமெரிக்கன்' குவார்ட்டெட் இப்போது பன்னிரண்டாவது, பழைய பதிப்புகளில் வேறு எண். ஓபஸ் 96 என்று தேடினால் சரியாக வரும். ஷூபர்ட்டுக்கு ஓபஸ் கிடையாது என்றே வைத்துக்கொள்ளுங்கள், 'மரணமும் கன்னியும்' வேண்டுமென்றால் டி 810 (D 810) என்ற பட்டியல் எண்ணில் தேட வேண்டும். பக்கத்தில் போட்டிருக்கும் வருடம் பல சமயம் மறுபதிப்பு வருடம், வாசித்த வருடம் அல்ல. 2010 என்று போட்டிருப்பது 1938-இல் வாசித்ததாக இருக்கலாம்.

திருநெல்வேலியிலிருந்து ஒரு அம்மா: என் மகளுக்குப் பன்னிரண்டு வயது. மேற்கத்திய வயலின் கற்றுக்கொண்டிருந்தாள். பள்ளிக் குழுவில் ஆள் இல்லை என்று வயோலாவுக்கு மாற்றிவிட்டார்கள். பாட்டெல்லாம் வயலினுக்குத்தான், எனக்கு ஒன்றும் இல்லை என்று இரண்டு நாளாக அழுகிறாள். என்ன சொல்வது?

அம்மா, த்வோர்ஷாக் வயோலாக்காரர். பிராகில் நாடக ஆர்க்கெஸ்ட்ராவில் வருடக்கணக்காக வயோலா வாசித்துப் பிழைத்தவர், அங்கே கையசைத்து நடத்தியவர் மேலே சொன்ன ஸ்மெட்டனா. வீட்டுக் குவார்ட்டெட்டில் அப்பாவும் அண்ணன்களும் மற்றதை எடுத்துக்கொள்ள, ஷூபர்ட்டும் வயோலாதான் வாசித்தார். ஸ்மெட்டனாவின் குவார்ட்டெட் தொடங்கியதும் முதலில் பேசுவது வயோலா.

1893-இல் த்வோர்ஷாக் அமெரிக்காவில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். கோடை விடுமுறைக்கு ஐயோவா மாநிலத்தில் ஸ்பில்வில் என்ற சிற்றூருக்குக் குடும்பத்தோடு போனார், செக் நாட்டிலிருந்து வந்து குடியேறியவர்கள் வாழ்ந்த ஊர். ரொம்ப நாள் கழித்துச் சொந்த மொழி பேசுகிறவர்கள் நடுவே இருக்கிறார். வந்து சேர்ந்த சில நாளில் எழுதத் தொடங்கி, மூன்றே நாளில் முழுக் குவார்ட்டெட்டையும் வரைந்துவிட்டு, ஜூன் 23-இல் முடித்தும்விட்டார். அதுதான் 'அமெரிக்கன்'. மூன்றாம் பகுதியில் அங்கே மரத்தில் கத்திய ஒரு பறவையின் குரலைக்கூடச் சேர்த்திருக்கிறார்.

தொடக்கத்தில் இரண்டு வயலினும் மெல்ல மினுங்கிக்கொண்டு மட்டும் இருக்கும், பாட்டு அவர்களிடம் இல்லை. செல்லோ ஒரு சுரத்தை அப்படியே பிடித்திருக்கும். அதன் நடுவிலிருந்து வயோலா எழுந்து வந்து முதல் மெட்டைப் பாடும். ஐந்தே சுரத்தில் அமைந்த மெட்டு, நம் மோகனத்தின் சுரங்கள்தான், அதனால் கேட்டவுடன் உங்களுக்கும் தெரிந்த ஒன்று போல இருக்கும். முதல் வயலின் அதற்குப் பிறகுதான் அதை வாங்கிப் பாடுகிறது.

பாவெல் ஹாஸ் குழு 2010-இல் வெளியிட்ட தட்டு, கிராமஃபோன் பத்திரிகை மறு வருடம் அந்த ஆண்டின் சிறந்த பதிவு என்று தேர்ந்தெடுத்தது. அவளை உட்கார வைத்து, இந்தக் கதை எதுவும் சொல்லாமல், முதல் ஒரு நிமிடத்தை மட்டும் போட்டுக் காட்டுங்கள். யார் பாடுகிறார் என்று அவளையே கேளுங்கள்.